பத்து கோடிக் கடிதங்களை எப்படி அடுக்குவது?

2011 பிப்ரவரி 27-ம் தேதி ஜிமெயிலைத் திறந்த சிலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கடிதங்களில் ஒன்றுகூட இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் மொத்தப் பயனர்களில் 0.02 சதவீதம்தான் என்று கூகுள் கணக்குச் சொன்னது. ஜிமெயிலின் அளவுக்கு அதுவே பல்லாயிரம் பேர். ஒவ்வொரு கடிதத்தையும் பல டேட்டா சென்டர்களில் பிரதி எடுத்து வைக்கிற நிறுவனம் அது. அப்படியும், கடிதங்களைச் சேமிக்கும் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தபோது நுழைந்த ஒரு பிழை, பல பிரதிகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. கடைசியில் கை கொடுத்தவை, சர்வர்களோடு தொடர்பில்லாமல் தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்கள்.

இ-மெயில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அனுப்புவதும் பெறுவதும்தான். வந்த கடிதம் டிஸ்க்கில் எந்த வடிவத்தில் எழுதப்படுகிறது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஏதாவது கெட்டுப்போகிற அன்றுதான் அந்தக் கேள்வி எழும். அன்று அதற்குப் பதில் தேடினால் காலம் கடந்திருக்கும்.

இந்திய நிறுவனங்கள் இதைப் பற்றி யோசிக்க இப்போது காரணங்கள் உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் இலவசமாகக் கொடுத்து வந்த இடத்தை நிறுத்தப் போவதாக 2021-ல் கூகுள் அறிவித்தது. 2022 முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று கணக்கு வைத்தது. 20,000 பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் அது தலைக்கு 5 ஜிகாபைட். இ-மெயில், ஆவணம், புகைப்படம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதிக இடத்துக்குக் காசு கொடுப்பதா, சொந்த சர்வர் வைப்பதா என்று கம்ப்யூட்டர் மையங்கள் கணக்குப் போட வேண்டிய நிலை வந்தது.

அரசு அலுவலகங்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 'தகவல்' என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே இ-மெயிலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எனவே ஓர் அதிகாரியின் பெட்டியில் உள்ள கடிதம் அவருடைய சொந்த விஷயம் அல்ல. கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆவணம். கம்ப்யூட்டர் தின்றுவிட்டது என்பது பதிலாகாது.

சர்வர் வாங்கும் கூட்டங்களில் பிராசஸர் பற்றிப் பேசுவார்கள், டிஸ்க்கின் விலை பற்றிப் பேசுவார்கள். கடிதத்தை எழுதி வைக்கும் வடிவம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது சாஃப்ட்வேரை நிறுவும் இளைஞர், அன்றைக்கு எந்தக் குறிப்பைப் பார்த்தாரோ அதன்படி அமைகிறது. பிறகு பத்து ஆண்டுகளுக்கு அதை மாற்றுவது கடினம்.

வழிகள் அடிப்படையில் மூன்றுதான். எல்லாக் கடிதங்களையும் ஒரே ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவது; ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு ஃபைல் வைப்பது; இரண்டுக்கும் நடுவில், சில நூறு கடிதங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி, எது எந்தக் கட்டில் என்று ஒரு பட்டியல் வைப்பது.

முதல் வழியின் பெயர் எம்பாக்ஸ். யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் பிறந்தது. 1971-ல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே கடிதம் அனுப்பும் கட்டளை உண்டு. ஏற்பாடு மிக எளிது. ஒரு பயனருக்கு ஒரு ஃபைல். புதுக் கடிதம் வந்தால் கடைசியில் ஒட்டிவிட வேண்டும். 'ஃப்ரம்' என்ற சொல்லில் ஒரு வரி தொடங்கினால் புதிய கடிதம் ஆரம்பம் என்று பொருள். கடிதத்தை எழுதியவரே தன் வாசகம் ஒன்றை அந்தச் சொல்லில் தொடங்கிவிட்டால்? அதற்கு முன்னால் ஓர் அம்புக்குறியைச் சொருகிவிடுவார்கள். பழைய கடிதங்களில் காரணமில்லாமல் தலைகாட்டும் அந்த அம்புக்குறிக்கு இதுதான் பூர்வீகம். அதைச் சொருகுவதிலும் எடுப்பதிலும் கருத்து வேறுபாடு வந்து, எம்பாக்ஸ் என்ற ஒரே பெயரில் நான்கு கிளைகள் உண்டாயின.

இந்த வடிவத்தின் பலவீனத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போதும். 20,000 கணக்குகள், ஒவ்வொன்றிலும் 5,000 கடிதங்கள், ஒரு கடிதம் சராசரி 50 கிலோபைட் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 250 மெகாபைட். மொத்தம் 10 கோடிக் கடிதங்கள், 5 டெராபைட். ஒரு பேராசிரியர் தன் பெட்டியின் தொடக்கத்தில் உள்ள ஒரே ஒரு பழைய கடிதத்தை அழிக்கிறார். அதன் பின்னால் உள்ள அத்தனையையும் முன்னுக்கு நகர்த்தி எழுதியாக வேண்டும். 50 கிலோபைட்டை நீக்க 250 மெகாபைட் எழுத்துவேலை. காலை பத்து மணிக்கு ஆயிரம் பேர் இப்படிச் செய்தால் 250 ஜிகாபைட்.

பூட்டுப் பிரச்னையும் உண்டு. ஃபைல் ஒன்றுதான் என்பதால், புதுக் கடிதம் எழுதப்படும்போது பயனரின் சாஃப்ட்வேர் அதைத் தொடக்கூடாது. அது தொடும்போது புதுக் கடிதம் காத்திருக்க வேண்டும். பூட்டும் முறைகள் பல. கடிதத்தைக் கொண்டுவரும் சாஃப்ட்வேர் ஒரு பூட்டையும் படிக்கும் சாஃப்ட்வேர் வேறு பூட்டையும் நம்பினால், இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஃபைலைக் கந்தலாக்கிவிடும். பேக்கப்பும் தொல்லைதான். ஒரு புதுக் கடிதம் வந்தாலே முழு ஃபைலும் மாறியதாகக் கணக்கு. மாறிய ஃபைல்களை மட்டும் பிரதி எடுக்கிற பேக்கப் முறையில்கூட, தினம் ராத்திரி கிட்டத்தட்ட முழு 5 டெராபைட்டையும் தூக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றாகத்தான் மெயில்டிர் வந்தது. 1990-களின் நடுவில் க்யூமெயில் என்ற சாஃப்ட்வேரை எழுதிய அமெரிக்கக் கணித அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டீனின் யோசனை அது. ஒரு கடிதத்துக்கு ஒரு ஃபைல். ஒரு பெட்டிக்குள் மூன்று அறைகள். கடிதம் முதலில் தற்காலிக அறையில் முழுவதுமாக எழுதப்படும். எழுதி முடித்த பிறகே 'புதியது' என்ற அறைக்கு மாற்றப்படும். பயனரின் சாஃப்ட்வேர் அதைப் பார்த்ததும் மூன்றாவது அறைக்குப் போகும். ஃபைலின் பெயரில் நேரம், அதை எழுதிய நிரலின் எண், கம்ப்யூட்டரின் பெயர் ஆகியவை சேர்வதால் இரண்டு கடிதங்களுக்கு ஒரே பெயர் வராது. நடுவில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கடிதம் தற்காலிக அறையிலேயே கிடக்கும், மற்றவற்றுக்கு ஆபத்தில்லை. பூட்டே தேவையில்லை என்பதுதான் பெர்ன்ஸ்டீனின் வாதம்.

இதன் பெரிய குணம் வெளிப்படைத்தன்மை. கடிதம் படிக்கப்பட்டதா, பதில் போட்டாயிற்றா என்பதுகூட ஃபைலின் பெயரிலேயே ஓர் எழுத்தாக ஒட்டியிருக்கும். எந்தச் சிறப்புக் கருவியும் இல்லாமல், லினக்ஸில் ஃபைலைப் பிரதி எடுக்கத் தெரிந்த யாரும் ஒரு கடிதத்தை மீட்டுவிடலாம். ஒரு ஃபைல் கெட்டால் போவது ஒரு கடிதம் மட்டுமே.

குறைகளும் உண்டு. படித்தவுடன் ஃபைலின் பெயர் மாறுகிறது. சாதாரண பேக்கப் சாஃப்ட்வேர் அதைப் புதிய ஃபைல் என்று நினைத்து மறுபடி பிரதி எடுக்கிறது. ஒரு நிரல் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பெயரை மாற்றினால், ஒரு கடிதம் கண நேரம் கண்ணில் படாமல் போகலாம். அதனால் பூட்டு வேண்டாம் என்று பிறந்த வடிவத்துக்கே டவ்காட் போன்ற சாஃப்ட்வேர்கள் தங்கள் பங்குக்கு ஒரு பூட்டைப் போட்டன.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்னை எண்ணிக்கை. மேற்சொன்ன பல்கலைக்கழகத்தில் மெயில்டிர் என்றால் 10 கோடி ஃபைல்கள். சுழலும் டிஸ்க் ஒன்று வினாடிக்குச் சுமார் 100 முறைதான் இடம் மாறி மாறிப் படிக்க முடியும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒருமுறை என்றால் 10 லட்சம் வினாடிகள்; அதாவது பதினொன்றரை நாள். 12 டிஸ்க்குகள் வேலையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டாலும் ஏறக்குறைய ஒரு நாள். இது எது மாறியிருக்கிறது என்று பார்க்க மட்டுமே. பிரதி எடுக்க அல்ல. ராத்திரி தொடங்கும் பேக்கப் மறுநாள் ராத்திரிதான் முடியும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 முறையில், ஒரு டிஸ்க்கில் மொத்தம் எத்தனை ஃபைல்கள் இருக்கலாம் என்பது அதைத் தயார் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது. வழக்கமான கணக்கு 16 கிலோபைட்டுக்கு ஒரு ஃபைல். வருகிற கடிதங்கள் பெரும்பாலும் ஐந்தாறு கிலோபைட் சிறு கடிதங்களாக இருந்தால், டிஸ்க்கில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே 'இடமில்லை' என்று சர்வர் கையை விரிக்கும். நிர்வாகி காலி இடத்தைப் பார்ப்பார். சர்வர் சொல்வது பொய் என்று நினைப்பார்.

மூன்றாவது வழி, கட்டுக்கட்டாக வைப்பது. பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் எழுதி 2002-ல் வெளியான டவ்காட் சர்வரில் பின்னால் சேர்ந்த எம்டிபாக்ஸ் இந்த வகை. சில மெகாபைட் அளவுள்ள ஃபைல்களில் பல கடிதங்கள் சேர்ந்து உட்காரும். ஒரு கட்டு 10 மெகாபைட் என்றால், பல்கலைக்கழகத்தின் 10 கோடி ஃபைல்கள் 5 லட்சமாகச் சுருங்கிவிடும். இருநூறில் ஒரு பங்கு. பேக்கப் சில மணி நேரத்தில் முடியும்.

சுற்றறிக்கை விஷயத்திலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு சாதகம் சேர்ந்தது. பதிவாளர் அலுவலகம் 5 மெகாபைட் சுற்றறிக்கையை 20,000 பேருக்கு அனுப்புகிறது. இணைப்புகளை எழுத்துகளாக மாற்றி அனுப்புவதால் இ-மெயிலில் அவை மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். மொத்தம் 130 ஜிகாபைட்டுக்கு மேல், ஒரே காகிதத்துக்கு. இணைப்பை ஒரே பிரதியாக வைத்து எல்லோரையும் அதை நோக்கிக் கைகாட்டச் செய்யும் வசதி டவ்காட்டின் இந்த வடிவங்களுக்கு வந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச், இதே ஒற்றைப் பிரதி உத்தியைப் பல ஆண்டுகள் வைத்திருந்து 2010 பதிப்பில் கைவிட்டது. டிஸ்க் மலிவாகிவிட்ட காலத்தில், இடத்தை மிச்சப்படுத்துவதைவிட வேகம் முக்கியம் என்று கருதப்பட்டது. ஒற்றைப் பிரதி கெட்டால் அத்தனை பேருக்கும் போய்விடும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

கட்டுமுறைக்குக் கொடுக்க வேண்டிய விலை, பட்டியல். எந்தக் கடிதம் எந்த ஃபோல்டரில், படித்ததா இல்லையா என்பதெல்லாம் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியல் கெட்டால் கடிதங்கள் போகாது. திரும்பக் கட்டும் கருவி உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்காகப் பிரித்து வைத்த ஒழுங்கு குலையும், படித்தவை படிக்காதவை ஆகும், அழித்த சில கடிதங்கள் உயிர்த்தெழும். தவிர, பயனர் அழித்ததும் இடம் காலியாவதில்லை. தனியாக ஒரு துப்புரவுக் கட்டளையைத் தினமும் ஓடவிட வேண்டும். அதை மறந்த நிர்வாகி, எல்லோரும் அழித்துக்கொண்டே இருந்தும் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போவதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

இதற்கிடையே மெயில்டிர் தரப்புக்கும் காலம் உதவி செய்திருக்கிறது. எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் நகரும் முனை கிடையாது. வினாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். பதினொன்றரை நாள் கணக்கு சில மணி நேரமாகிறது. இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் முறைகள், மாறிய துண்டுகளை மட்டும் தாங்களே நினைவில் வைத்து இன்னொரு சர்வருக்கு அனுப்பும். 10 கோடி ஃபைல்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கடிதத்துக்கு ஒரு ஃபைல் என்ற முறை பெரிய அளவுக்குத் தாங்காது என்பதும் முழு உண்மையல்ல. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் பிறந்த சைரஸ் சர்வர் அதே முறையில்தான் இயங்குகிறது; கூடவே நல்ல பட்டியலும் வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் நிறுவனம் தன் தொழிலையே அதன்மேல் நடத்துகிறது.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? வேகத்தை அளந்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அது தவறான அளவுகோல். கேட்க வேண்டியவை வேறு. ஒரு ஃபைல் கெட்டால் எத்தனை பேருக்கு, எத்தனை கடிதம் போகும்? பேக்கப் ஓர் இரவுக்குள் முடியுமா? இந்த சாஃப்ட்வேர் இல்லாமலே கடிதத்தைப் படிக்க முடியுமா? இவற்றுக்கெல்லாம் மேலாக, இதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார்?

கடைசிக் கேள்விதான் இந்திய நிறுவனங்களில் தீர்மானமானது. முழு நேரக் குழு, இரவுப் பணி, மாற்று சர்வர் எல்லாம் உள்ள இடத்தில் எம்டிபாக்ஸோ சைரஸோ பொருத்தம். துப்புரவும் பட்டியலும் அங்கே அன்றாட வேலை. ஆனால் ஒரே ஒரு நிர்வாகி; அவரும் ஒப்பந்த ஊழியர்; இரண்டு ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்கிற கல்லூரியிலோ மாவட்ட அலுவலகத்திலோ மெயில்டிர்தான் புத்திசாலித்தனம். அவர் போன பிறகு வருகிறவர், எந்தக் குறிப்பும் இல்லாமல் ஃபைல்களைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். எஸ்எஸ்டிக்குச் செலவிடும் கூடுதல் தொகை, தெரிந்த ஆள் இல்லாத நாளில் திரும்பக் கிடைக்கும். எம்பாக்ஸ், ஓய்வுபெற்றவர்களின் பெட்டிகளை மூட்டை கட்டி வைக்க நல்லது. இனி மாறாத ஃபைலுக்கு அதைவிட எளிய வடிவம் இல்லை. ஜிமெயிலிலிருந்து தன் கடிதங்களை ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டாலும் கூகுள் கொடுப்பது எம்பாக்ஸ் ஃபைல்தான்.

வடிவம் மாற்றும் நாளும் கவனம் வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் ஓர் எண் கொடுத்திருக்கிறது. கடிதங்களை மட்டும் மாற்றி எண்களை விட்டுவிட்டால், திங்கட்கிழமை காலை அத்தனை பேரின் கம்ப்யூட்டரும் எல்லாக் கடிதத்தையும் புதிது என்று நினைத்து மறுபடி இறக்கும். 20,000 பேரின் 5 டெராபைட் ஒரே காலையில் கேபிளில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்களையும் சேர்த்துக் கொண்டுபோகிற கருவிகள் உண்டு; முதலில் ஐம்பது பேரை வைத்துச் சோதிக்கும் பொறுமைதான் வேண்டும்.

சர்வர் டெண்டரில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் இருக்கும். அதில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: சென்ற மாதம் அழிக்கப்பட்ட ஒரு கடிதத்தை, ஒரே ஒரு ஊழியரின் பெட்டியிலிருந்து, பேக்கப்பின் உதவியோடு அரை மணி நேரத்தில், நிறுவனத்தின் சொந்த ஊழியரே மீட்டுக் காட்ட வேண்டும். இந்தப் பரீட்சையில் தேறுகிற வடிவம் எதுவோ, அதுவே அந்த நிறுவனத்துக்குச் சரியான வடிவம்.